தேக்கா கடையின் தளத்துக்கு மூன்று கருவி, மூன்று எண்: எதை வைத்து முடிவெடுப்பது?

பூக்கடை மருமகள்:

வணக்கம். சிங்கப்பூர் தேக்காவில், பஃபலோ ரோட்டில் என் மாமனார் நடத்தும் பூ, பூசைப் பொருள் கடைக்கு ஒரு வலைத்தளம் இருக்கிறது. மாலை வகைகள், பால்குடத்துக்கு வேண்டிய சாமான், காவடிக்கு மயிலிறகு என்று எல்லாவற்றையும் படத்தோடு போட்டிருக்கிறோம். தளத்தில் பணம் கட்டும் வசதி கிடையாது. வேண்டியதைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப் பொத்தானை அழுத்தினால் எங்களுக்குச் செய்தி வரும். பேநவ்வில் (வங்கிவழி உடனடிப் பணப் பரிமாற்றம்) காசு அனுப்பிவிட்டுக் கடைக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள்.

தளத்தைச் செய்து கொடுத்த நிறுவனமே கூகுள் விளம்பரத்தையும் பார்த்துக்கொள்கிறது. அடுத்த வருடத்துக்கும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி ஓர் அறிக்கை அனுப்பினார்கள். மாதம் நாலாயிரம் வருகை என்று அதில் இருந்தது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, ஹோஸ்டிங் பேனலில் (தளம் இருக்கும் சர்வரின் கட்டுப்பாட்டுத் திரை) உள்ள ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்றார்கள். கிளவுட்ஃப்ளேரில் நுழைந்து பார்த்தால் தனிப் பார்வையாளர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் எழுநூறுகூட இல்லை. ஒரே தளம், ஒரே மாதம்.

மாமனாருக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. "எத்தனை பேர் வந்தாங்க, அதுல எத்தனை பேர் வாங்கினாங்க?" என்று மட்டும்தான் கேட்கிறார். தைப்பூசத்துக்கு முன்னால் விளம்பரத்துக்கு எவ்வளவு வெள்ளி (டாலர்) ஒதுக்குவது என்பதை இந்தப் பதிலை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறோம். எந்தக் கருவியை நம்பலாம்? பிளாசிபிள், மட்டோமோ என்று வேறு கணக்கெடுப்புக் கருவிகளைச் சிலர் சொல்கிறார்கள், காசு கொடுத்து வாங்கலாமா? குக்கிக்கு (தளம் உலாவியில் வைக்கும் சின்னக் குறிப்பு) அனுமதி கேட்கும் பட்டை நம் ஊரில் கட்டாயமா?

செங்காங் சிவா:

ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) போதும். இலவசம், விளம்பரமும் கூகுளில்தான் போடுகிறீர்கள், இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம். ஏடபிள்யூஸ்டாட்ஸ் எண்ணைத் தூக்கிப் போடுங்கள், அதில் நிறைய ‘பாட்’தான், அதாவது தானாக ஓடும் நிரல்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பியைப் போட்டிருப்பவர்கள், பிரேவ் உலாவியில் வருபவர்கள் ஜிஏ4 கணக்கில் விழவே மாட்டார்கள். ஆக எழுநூறு என்பதும் குறைந்த கணக்குதான்.

லாக் வாசகன்:

சர்வர் பராமரிப்பு என் வேலை. இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மூன்று எண்ணில் எதுவுமே பொய் இல்லை. லிட்டில் இந்தியா எம்ஆர்டி வாசலில் ஒருவர், உங்கள் கடை வாசலில் ஒருவர், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று தலை எண்ணினால் மூன்று கணக்கும் ஒத்துவராது. மூவரும் சரியாகத்தான் எண்ணியிருப்பார்கள். எம்ஆர்டி வாசல் கணக்கைக் காட்டி உங்களிடம் விளம்பரத்துக்குக் காசு கேட்பதுதான் சரியில்லை.

ஏடபிள்யூஸ்டாட்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம். அது உங்கள் பக்கத்தில் எந்த ஸ்கிரிப்ட்டையும் (உலாவியில் ஓடும் சின்ன நிரல்) ஓட்டுவதில்லை. சர்வர் தானாக எழுதிவைக்கும் பதிவேட்டை, அதாவது லாகைப் படித்துக் கூட்டிச் சொல்கிறது. வெப்அலைசர், கோஅக்சஸ் எல்லாம் இதே குடும்பம். ஹோஸ்டிங் பேனலில் ‘ரா ஆக்சஸ் லாக்’ என்று ஒன்று இருக்கும், அதை இறக்கி ஒரு தடவை கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் வரிசையாக ஐபி முகவரி (பார்ப்பவரின் இணைய இணைப்புக்கான எண்), நேரம், கேட்ட கோப்பு, சர்வர் கொடுத்த பதில் எண், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எந்த உலாவி என்று இருக்கும். மாலைப் பக்கத்தில் இருபது படம் இருந்தால், ஒருவர் ஒரு தடவை திறந்ததற்கே இருபதுக்கு மேல் வரிகள் விழும். ‘ஹிட்ஸ்’ என்று காட்டுவது இந்த வரிகளைத்தான். அந்தச் சொல்லை யார் அறிக்கையில் போட்டாலும் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

லாகைக் கொஞ்சம் உருட்டினால் வேறொன்றும் தெரியும். உங்கள் தளம் வேர்ட்பிரஸ்ஸில் இல்லாவிட்டாலும் அதன் நுழைவுக் கோப்பான ‘டபிள்யூபி-லாகின்’ கேட்டு வரிசையாகக் கோரிக்கைகள் வந்து 404 (‘அப்படி ஒரு பக்கம் இல்லை’ என்ற பதில்) வாங்கிக்கொண்டு போயிருக்கும். அவை பூட்டு திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் நிரல்கள். கூகுள்பாட், பிங்பாட், ஏரெஃப்ஸ்பாட், செம்ரஷ்பாட், 2023-க்குப் பிறகு ஜிபிடிபாட் எல்லாம் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே வரும். இப்படிப் பெயர் சொல்லி வருபவற்றை ஏடபிள்யூஸ்டாட்ஸ் தனியாகப் பிரித்துவிடும். குரோம் உலாவி என்று சொல்லிக்கொண்டு வரும் பாட்டை அதனால் பிரிக்க முடியாது. அது மனிதக் கணக்கில் ஏறிவிடும். இன்னொரு வகை: உங்கள் இணைப்பை யாராவது வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது முன்னோட்டப் படத்தை எடுக்க வாட்ஸ்அப் உங்கள் பக்கத்தைத் தொடும். அதுவும் லாகில் ஒரு வரி. அந்த நேரத்தில் யாரும் கடையைப் பார்க்கவில்லை.

நேரத்தையும் கவனியுங்கள். பல ஹோஸ்டிங் சர்வர்கள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நாம் எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அப்படியானால் லாகில் ‘ஒரு நாள்’ என்பது நமக்குக் காலை எட்டு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை எட்டுக்கு முடிகிறது. விடியற்காலையில் மாலைக்குச் செய்தி அனுப்பும் உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாரும் முந்தைய நாள் கணக்கில் போய் விழுவார்கள். பூக்கடைக்கு இது சின்ன விஷயமில்லை.

கிளவுட்ஃப்ளேர் உங்கள் சர்வருக்கு முன்னால் நிற்கிறது. நீங்கள் பார்த்த ‘தனிப் பார்வையாளர்’ என்பது தனித்தனி ஐபி முகவரிகளின் எண்ணிக்கை, பாட்களையும் சேர்த்து. ஒரே ஆள் வீட்டு வைஃபையில் ஒரு தடவை, ரயிலில் மொபைல் டேட்டாவில் ஒரு தடவை பார்த்தால் இரண்டு. ஓர் அலுவலகத்தில் பத்துப் பேர் ஒரே இணைப்பில் பார்த்தால் ஒன்று. படங்கள், ஸ்டைல் கோப்புகள் போன்றவற்றைத் தன் நினைவகத்திலிருந்தே கொடுத்துவிடுவதால் அந்தக் கோரிக்கைகள் உங்கள் சர்வருக்கு வரவே வராது. ஏடபிள்யூஸ்டாட்ஸில் ‘ஹிட்ஸ்’ எண் குறைவதற்கு அது ஒரு காரணம். இன்னொன்றையும் பாருங்கள்: பார்வையாளரின் உண்மையான ஐபியை லாகில் எழுதும்படி சர்வரில் அமைக்காவிட்டால் அங்கே விழுவது கிளவுட்ஃப்ளேரின் சொந்த ஐபிகள்தான். அப்படியிருந்தால் உங்கள் நாலாயிரம் என்ற எண் எதையுமே சொல்லவில்லை. ரா லாகைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதே கிளவுட்ஃப்ளேரில் வெப் அனலிட்டிக்ஸ் என்று தனியாக ஒன்று உண்டு. அது உலாவியில் ஓடும் சின்ன ஸ்கிரிப்ட், குக்கி வைக்காது. வேறு தளத்திலிருந்தோ நேரடியாகவோ வந்த பக்கப் பார்வையை மட்டும் அது ‘வருகை’ என்று எண்ணும். உள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் எண்ணாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு திரையிலேயே இரண்டு கணக்கு வருவது இதனால்தான்.

அப்புறம் ஜிஏ4. இது உலாவிக்குள் நின்று எண்ணுகிறது. ஸ்கிரிப்ட் ஓடினால்தான் கணக்கு. அதனால் லாகில் வரும் பாட்களில் பெரும்பகுதி இங்கே எட்டிப்பார்ப்பதில்லை, தெரிந்த பாட்களைக் கூகுளும் வடிகட்டிவிடும். சிவா சொன்னது போல ஸ்கிரிப்ட்டைத் தடுப்பவர்களும் விடுபட்டுப் போவார்கள். ஆளை அடையாளம் காண முதல்தரப்புக் குக்கி ஒன்றை வைக்கிறது. இயல்பாக அதற்கு இரண்டு வருட ஆயுள். ஆனால் 2019 முதல் ஆப்பிளின் சஃபாரி, ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கிகளை ஏழு நாளில் அழித்துவிடுகிறது. உங்கள் கடைக்கு இதன் பொருள் என்ன என்று பாருங்கள். மாதாமாதம் கிருத்திகைக்கு மாலை வாங்கும் ஓர் அம்மா ஐபோனில் வருகிறார் என்றால், இடையில் வேறு நாளில் எட்டிப் பார்க்காதவரை, ஒவ்வொரு மாதமும் ஜிஏ4 அவரைப் ‘புதிய பயனர்’ என்றே எழுதும். அறிக்கையில் புதியவர்கள் நிறைய வருகிறார்கள் என்று யாராவது பெருமையாகக் காட்டினால், அதில் எத்தனை பேர் உங்கள் பழைய வாடிக்கையாளர்கள் என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. மாமனாரால் முகத்தைப் பார்த்தே சொல்ல முடியும்.

ஜிஏ4-இல் ‘ஈடுபாடுள்ள அமர்வு’ என்றால் பத்து வினாடிக்கு மேல் இருந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கமாவது பார்த்திருக்க வேண்டும், அல்லது நீங்கள் முக்கியம் என்று குறித்த செயல் நடந்திருக்க வேண்டும். கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று எட்டு வினாடியில் பார்த்துவிட்டு நேராகப் புறப்பட்டு வந்தவர் அங்கே ‘பவுன்ஸ்’. அந்த விகிதத்தைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் கணக்கெடுப்பதை நிறுத்திக்கொண்டது. எண்ணும் முறையே மாறிவிட்டதால் அதற்கு முந்தைய அறிக்கைகளோடு இப்போதையதை ஒப்பிடவும் வேண்டாம்.

பிளாசிபிள் குக்கியே வைப்பதில்லை. ஐபி, உலாவி விவரம், தளத்தின் பெயர், தினமும் மாறும் ஒரு ரகசியச் சரம் எல்லாவற்றையும் கலந்து ஒரு குறியீடு செய்கிறது. அந்தச் சரம் நாளுக்கு நாள் மாறுவதால் இன்று வந்தவர் நாளை வந்தால் புது ஆள். ஒரு நாளைய கணக்கு தெளிவாக இருக்கும், மாதத்துக்கு எத்தனை தனி ஆட்கள் என்பது கூடுதலாகத் தெரியும். திரை மிக எளிமை, மாமனாரிடம் அப்படியே காட்டலாம். எனக்குப் பிடித்த கருவி. ஆனால் உங்களுக்கு மாதச் சந்தா கட்டும் அளவுக்கு இப்போது தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மட்டோமோ முன்பு பிவிக் என்ற பெயரில் இருந்தது. பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் உள்ள உங்கள் சொந்த சர்வரிலேயே போட்டுக்கொள்ளலாம், தரவு முழுக்க உங்கள் கையில் இருக்கும், வேண்டுமானால் சர்வர் லாகையும் உள்ளே ஏற்றலாம். ஆனால் யாராவது ஒருவர் அதைத் தொடர்ந்து அப்டேட் செய்ய வேண்டும். கடையில் அதற்கு ஆள் இல்லையென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். கவனிக்காமல் விட்ட மட்டோமோ, பாதுகாப்பு ஓட்டையாகிவிடும்.

ஆகவே என் பதில்: ஜிஏ4-ஐ வைத்துக்கொள்ளுங்கள், ‘எத்தனை பேர்’ என்பதை அதனிடம் கேட்காதீர்கள். வாட்ஸ்அப் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினார்கள், அவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று கேளுங்கள். பொத்தான் வாட்ஸ்அப்பின் முகவரிக்குப் போகும் வெளி இணைப்பு என்பதால், ஜிஏ4 அமைப்பில் ‘மேம்பட்ட அளவீடு’ (என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட்) போட்டிருந்தால் ஜிஏ4 அதைத் தானாகவே ‘கிளிக்’ என்று பதிவு செய்துகொண்டிருக்கும். அந்த முகவரிக்கான கிளிக்குகளை மட்டும் தனி நிகழ்வாகப் பிரித்து ‘முக்கிய நிகழ்வு’ என்று குறித்துவிடுங்கள். கல்லாவில் ஒரு நோட்டு வைத்து, வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர்களில் எத்தனை பணமாக மாறியது என்று கடையில் யாராவது எழுதிவைக்கட்டும். விளம்பரச் செலவை அந்த இரண்டு எண்ணாலும் தனித்தனியாக வகுத்துப் பாருங்கள்.

இரண்டு வேலையை இன்றே செய்யுங்கள். முதலாவது, ஜிஏ4-இல் தரவை வைத்திருக்கும் காலம் இயல்பாக 2 மாதம்தான் இருக்கும், அதை 14 மாதமாக மாற்றுங்கள். வழக்கமான அறிக்கைகளுக்கு இது தேவையில்லை, தோண்டிப் பார்க்கும் ‘எக்ஸ்ப்ளோரேஷன்’ பகுதிக்குத் தேவை. தைப்பூசத்தைத் தைப்பூசத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் 14 மாதம் இருந்தால்தான் முடியும். 2024-இல் தைப்பூசம் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. ஜனவரியை ஜனவரியோடு வைத்துப் பார்த்தால் 2025-இல் வியாபாரம் படுத்துவிட்டது போலத் தெரியும். திருநாளிலிருந்து பின்னோக்கி மூன்று வாரம் என்று எண்ணி ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, வாட்ஸ்அப் குழுக்களில் உங்கள் இணைப்பைப் பகிரும்போது யூடிஎம் குறியோடு (எந்த வழியாக வந்தார் என்று காட்ட இணைப்பின் வாலில் ஒட்டும் சொல்) பகிருங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து வருபவரைப் பெரும்பாலும் எந்தக் கருவியாலும் அடையாளம் காண முடியாது, எல்லாரும் ‘டைரக்ட்’ (நேரடி வருகை) என்று குவிந்துவிடுவார்கள். கோயில் தொண்டர் குழுவுக்கு ஒரு குறி, கடைக் கண்ணாடியில் ஒட்டும் கியூஆருக்கு ஒரு குறி, கூகுள் விளம்பரம் தன் குறியைத் தானே போட்டுக்கொள்ளும். விளம்பரத்துக்குக் கொடுக்கும் வெள்ளி உண்மையில் ஆளைக் கொண்டுவருகிறதா, இல்லை குழுவில் உங்கள் மாமியார் போடும் செய்திதான் கொண்டுவருகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

ஈசூன் கவி:

குக்கிப் பட்டை பற்றி மட்டும் சொல்கிறேன், நான் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புப் பணியில் இருக்கிறேன். நம் ஊரில் 2012-இன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்தான் பொருந்தும். ஐரோப்பாவில் இருப்பது போல, தளம் இயங்கத் தேவையில்லாத குக்கிகளுக்கெல்லாம் முன்கூட்டியே அனுமதி கேட்டே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. குக்கி வழியாகத் தனிநபர் தகவல் திரட்டப்படுகிறதா என்பதுதான் கேள்வி. திரட்டினால் ஒப்புதல் வேண்டும். திரட்டாவிட்டால் தேவையில்லை. பட்டை இல்லாவிட்டாலும் எந்தக் கருவியை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று தனியுரிமைப் பக்கத்தில் நாலு வரி எழுதிவிடுங்கள். வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதை அது.

பட்டையைவிட முக்கியமான ஒன்று. உங்கள் தளத்தில் ‘தொடர்புக்கு’ என்ற படிவம் இருந்தால், அனுப்பியதும் வரும் நன்றிப் பக்கத்தின் முகவரியைப் பாருங்கள். சில படிவங்கள் பெயர், தொலைபேசி எண்ணை அந்த முகவரியின் வாலிலேயே ஒட்டிவிடும். ஜிஏ4 பக்க முகவரியை அப்படியே பதிவு செய்வதால் வாடிக்கையாளரின் எண் கூகுளுக்குப் போய்விடும். சட்டப்படியும் சிக்கல், கூகுளின் விதிமுறைப்படியும் கூடாது. அப்புறம், சின்னக் கடையானாலும் தரவுப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரை நியமிக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவரே இருக்கலாம், ஆனால் பெயருக்கு இருக்கக் கூடாது.

செங்காங் சிவா:

லாக் வாசகன் அண்ணா, ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆட் பிளாக்கர் போட்டவர்களும் தெரிய வேண்டும் என்றால் லாகை விட்டால் வேறு வழி ஏது? பிளாசிபிளையும் சில தடுப்புப் பட்டியல்கள் தடுக்கின்றன.

லாக் வாசகன்:

சரியான கேள்வி. மென்பொருள் எழுதுபவர்கள் வரும் தளமாக இருந்தால் நானும் லாகைத்தான் எடுப்பேன், பாட்களை வடிகட்டும் வேலையையும் உட்கார்ந்து செய்வேன். அங்கே தடுப்பவர்கள் அதிகம். இந்தக் கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் கைபேசியில், வாட்ஸ்அப்பிலிருந்து ஒரு இணைப்பைத் தொட்டு வருபவர்கள். விடுபடுபவர்கள் இந்த வாரமும் அடுத்த வாரமும் ஏறக்குறைய ஒரே அளவில் விடுபடுவார்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அது போதும். ஆனால் தளம் உடைந்திருக்கிறதா, எந்தப் பக்கம் 404 தருகிறது என்று பார்க்க லாகை மிஞ்ச எதுவும் இல்லை. அதற்காக லாகை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

பூக்கடை மருமகள்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ரா லாகைத் திறந்து பார்த்தேன். அண்ணா சொன்னது போல டபிள்யூபி-லாகின் வரிகள் வரிசையாக இருந்தன. ஐபி எல்லாம் ஒரு சில எண்களிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது, கிளவுட்ஃப்ளேர் வெளியிட்டிருக்கும் ஐபி பட்டியலோடு ஒத்துப்போகிறது. நாலாயிரத்தை மாமனாரிடம் சொல்லப் போவதில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். ஜிஏ4 கணக்கு அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்கிறது, எனக்குப் பார்க்கும் அனுமதி மட்டும்தான். 14 மாதம் என்று மாற்றவே முடியவில்லை. அப்புறம், நாங்களே கடையிலிருந்து தினமும் தளத்தைத் திறந்து பார்க்கிறோம், அதை எப்படிக் கழிப்பது?

லாக் வாசகன்:

முதலாவதுதான் அவசரம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு ‘நிர்வாகி’ அனுமதி கேட்டு எழுதுங்கள். ஜிஏ4, கூகுள் ஆட்ஸ், கிளவுட்ஃப்ளேர், டொமைன் பதிவு நான்குக்கும் கேளுங்கள். கணக்கு கடையுடையது, அவர்கள் உங்களுக்காக அதை இயக்குகிறார்கள். மறுத்தால் உங்கள் பெயரில் புதிய ஜிஏ4 ‘சொத்து’ (ப்ராபர்ட்டி, ஒரு தளத்தின் தரவு சேரும் இடம்) ஒன்றைத் திறந்து, இரண்டு ஸ்கிரிப்ட்டும் தைப்பூசம் முடியும்வரை சேர்ந்தே ஓடட்டும். பழைய தரவைப் புதியதற்கு மாற்ற முடியாது, அதனால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. சர்ச் கன்சோலையும் உங்கள் பெயரில் திறந்துவிடுங்கள். கூகுள் தேடலில் எந்தச் சொல்லைத் தேடி உங்கள் தளத்தைத் தொட்டார்கள் என்பதை 16 மாதம் வரை காட்டும், ஸ்கிரிப்ட்டும் குக்கியும் தேவையில்லை.

இரண்டாவது எளிது. ஜிஏ4 அமைப்பில் ‘உள் போக்குவரத்து’ என்ற இடத்தில் கடை இணையத்தின் ஐபியைக் கொடுத்து, வடிகட்டியைப் போடுங்கள். அந்த வடிகட்டி ‘சோதனை’ நிலையில் இருந்தால் எதையும் கழிக்காது, ‘செயலில்’ என்று மாற்ற வேண்டும். மாற்றியபின் கழிந்த தரவு திரும்ப வராது, எனவே ஐபியை இரண்டு தடவை சரிபாருங்கள். வீட்டு இணையம், கடை இணையம் இரண்டுக்கும் ஐபி அவ்வப்போது மாறலாம், மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள். கைபேசி டேட்டாவில் திறந்தால் இந்த வடிகட்டி வேலை செய்யாது. கடையில் இருப்பவர்களிடம் வைஃபையில் திறக்கச் சொல்லிவிடுங்கள்.